தூக்குவாளி ஏபிஐ: அடிக்கடி கேக்கற கேள்விங்க

வாட்ஸ்அப்ல ஒரே கேள்விக்கு பத்து பேருக்கு பத்து தடவ டைப் பண்ணி பெருவிரல் தேஞ்சு போச்சு, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல கொட்டிட்டேன். ஆர்டர் எல்லாம் பாக்கல, ஞாபகம் வந்த வரிசைல இருக்கு.

இது என்னங்க? சுருக்கமா சொல்லுங்க.

ஆன்லைன்ல படிக்கறவங்க தங்களோட ப்ரொஃபைல்ல பப்ளிக்னு திறந்து வெச்சிருக்கற விஷயத்துல இருந்து யூசர்நேம், காட்டற பேரு, பேட்ஜ், பாயின்ட், சர்டிபிகேட் இவ்வளவ மட்டும் எடுத்து, எந்த சைட்டா இருந்தாலும் ஒரே மாதிரி ஜேசனா (ப்ரோக்ராம் படிக்கற மாதிரி அடுக்கின டெக்ஸ்ட்) குடுக்கற சின்ன வெப் ஏபிஐ, அதாவது ஒரு ப்ரோக்ராம் இன்னொரு ப்ரோக்ராம் கிட்ட நெட் வழியா டேட்டா கேக்கற வாசல். தூக்குவாளின்னு பேரு வெச்சது ஏன்னா இது சமைக்காது, ஒரு வீட்ல இருந்து இன்னொரு வீட்டுக்கு கொண்டு போகும், அவ்ளோதான். கொழம்புல உப்பு கம்மின்னா வாளிய திட்டி பிரயோஜனம் இல்ல.

இத எதுக்கு செஞ்சீங்க? ரெடிமேடா ஒண்ணும் கெடைக்கலையா?

பாலக்காடு மாவட்டத்துல தமிழ்நாடு எல்லைய ஒட்டி இருக்கற கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்க வாயனசாலைல (லைப்ரரில) ஞாயித்துக்கிழமை பசங்க கூடுவாங்க, முப்பது பேர் வரைக்கும், பாதி தமிழ் மீடியம் பாதி மலையாளம் மீடியம், ஸ்கூல்ல லிட்டில் கைட்ஸ்ங்கற ஐடி கிளப்ல இருக்கறதுனால கம்ப்யூட்டர் பயம் யாருக்கும் கிடையாது. ஆளுக்கு ஒரு சைட்ல படிக்கறாங்க. யாரு எங்க வரைக்கும் வந்திருக்காங்கன்னு செவுத்துல ஒரு சார்ட் ஒட்டி நான்தான் ஸ்கெட்ச்ல எழுதிட்டு இருந்தேன், வாரா வாரம் போன்ல முப்பது ப்ரொஃபைல தெறந்து பாத்து எழுதி முடிக்கறதுக்குள்ள சாயா ஆறிப் போயி மேல ஆடை கட்டிரும். ஒரு தடவ ஒரு பொண்ணோட சர்டிபிகேட்ட பக்கத்து வரில இருக்கற பொண்ணு பேருக்கு நேரா எழுதிட்டேன், அது ரெண்டு வாரம் வாயனசாலை பக்கமே வரல. அன்னிக்கு ராத்திரி உக்காந்து எழுதுனதுதான் மொத பைத்தான் ஸ்கிரிப்ட். அப்பறம் பொள்ளாச்சில டியூஷன் எடுக்கற ஃப்ரெண்ட் கேட்டான், அவனுக்கு தெரிஞ்ச டீச்சர் கேட்டாங்க, சரின்னு ஃப்ளாஸ்க்ல (பைத்தான்ல வெப் சர்வர் எழுதற டூல்) சுத்தி ஏபிஐயா வெளிய விட்டுட்டேன். பெரிய ப்ளான் போட்டு கட்டுனது இல்ல.

எந்தெந்த சைட்ல இருந்து எடுக்கும்?

இப்போதைக்கு மூணு. கோட்ஃபோர்சஸ் (கோடிங் போட்டி நடத்தற சைட்), ஃப்ரீகோட்கேம்ப் (ஃப்ரீயா கோடிங் சொல்லித் தர்ற சைட்), அப்பறம் ஓப்பன் பேட்ஜஸ் ஸ்டாண்டர்ட்ல குடுக்கற பேட்ஜ் எதுவா இருந்தாலும்.

கோட்ஃபோர்சஸ்தான் ரொம்ப சுகம், அவங்களே அஃபிஷியலா ஏபிஐ வெச்சிருக்காங்க, யூசர்நேம் குடுத்தா ரேட்டிங், ரேங்க் எல்லாம் நேரா வந்துரும். ஒரே ரூல், ரெண்டு செகண்டுக்கு ஒரு ரிக்வெஸ்ட்தான். முப்பது பசங்களுக்கு தனித்தனியா கேட்டா ஒரு நிமிஷம் ஆகும், ஆனா பேர எல்லாம் செமிகோலன் போட்டு ஒட்டி ஒரே ரிக்வெஸ்ட்ல கேக்கலாம், இது தெரியாம நான் ஒரு மாசம் ஸ்லீப் போட்டு (நடுவுல நிறுத்தி நிறுத்தி) ஓட்டிட்டு இருந்தேன்.

ஃப்ரீகோட்கேம்ப்ல ஒவ்வொரு யூசரும் எது தெரியணும் எது தெரியக் கூடாதுன்னு செட்டிங்ஸ்ல தனித்தனியா வெச்சுக்கலாம். பாயின்ட்ட மறைச்சிருந்தா எங்க கிட்டயும் பாயின்ட் காலியாத்தான் வரும், ஸீரோன்னு வராது, நல்-னு (null, மதிப்பே குடுக்கலன்னு அர்த்தம்) வரும். ஸீரோவும் நல்லும் ஒண்ணுன்னு நெனச்சு கோட் எழுதிட்டு, எங்க பையன் ஒண்ணுமே படிக்கலன்னு காட்டுதுன்னு சண்டைக்கு வராதீங்க, காட்டறதுக்கு இஷ்டம் இல்லங்கறது வேற, ஒண்ணும் செய்யலங்கறது வேற.

ஓப்பன் பேட்ஜஸ் 2011ல மொசில்லா ஆரம்பிச்சு வெச்சது. ஒவ்வொரு பேட்ஜுக்கும் ஒரு யூஆர்எல், அதுக்குள்ள யாரு குடுத்தா, எதுக்கு குடுத்தா, எப்போ குடுத்தாங்கற ஜேசன் இருக்கும். அதுல எனக்கு பிடிச்ச விஷயம், வாங்குனவங்க ஈமெயில அப்படியே போடாம சால்ட் (கூட கலக்கற எழுத்து) சேத்து ஹேஷ் பண்ணி (திருப்பி எடுக்க முடியாத மாதிரி மாத்தி) வெக்க முடியும், ஈமெயில் ஏற்கனவே தெரிஞ்சவன் சரி பாத்துக்கலாம், தெரியாதவன் பாத்தா வெறும் எழுத்துக் குப்பை.

கான் அகாடமி ஏன் இல்ல? முன்னாடி இருந்துச்சே?

அவங்க பப்ளிக் ஏபிஐய 2020ல மூடிட்டாங்க. பழைய ப்ளாக்ல எல்லாம் இன்னும் அந்த கோட் கெடக்கு, காப்பி பண்ணி போட்டுட்டு ஓடலன்னு என்கிட்ட கேட்டா நான் என்ன பண்றது.

பதில்ல என்ன எல்லாம் வரும்?

மேல சொன்ன அஞ்சு, கூட ரெண்டு. எந்த சைட்ல இருந்து எடுத்தது, எத்தன மணிக்கு எடுத்தது. ஜேசன்ல ஒவ்வொரு விவரத்துக்கும் வர்ற பேரெல்லாம் இங்கிலீஷ்ல சின்ன எழுத்துலதான் இருக்கும். எடுத்த நேரத்த கண்டிப்பா உங்க போர்டுல (யாரு எங்க வரைக்கும் வந்திருக்காங்கன்னு காட்டற ஸ்க்ரீன்) காட்டுங்க, ஏன்னா வாளில இருக்கறது காலைல வெச்ச சோறா இப்போ வெச்சதான்னு தெரியணும்ல.

போட்டோ குடுக்கறதில்ல. மொதல்ல குடுத்தேன், அப்பறம் நிப்பாட்டிட்டேன், பசங்க போட்டோ எங்க எங்கயோ போயி ஒட்டறதுல எனக்கு மனசு ஒப்பல.

பேர்ல தமிழ் எழுத்து ஒடயுதே, கடைசில கட்டம் கட்டமா வருது?

இது என் தப்பு, சரி பண்ணியாச்சு, ஆனா உங்க பக்கமும் இதே தப்பு இருக்க சான்ஸ் இருக்கறதுனால விவரமா சொல்றேன்.

யூடிஎஃப்-8ல (எழுத்த கம்ப்யூட்டர் சேத்து வெக்கற மொறை) இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க்கு மூணு பைட், அதுவும் எழுத்துக்கு இல்ல, கொம்பு, கால், புள்ளி ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா மூணு. நான் ஆரம்பத்துல பேருக்கு 20 பைட்னு லிமிட் வெச்சிருந்தேன். மகேஸ்வரிங்கற பேரு எட்டு குறி, 24 பைட். இருபதுல வெட்டுனா "மகேஸ்வ" வரைக்கும் 18, மிச்ச ரெண்டு பைட் பாதி எழுத்தா தொங்கும், அதான் அந்த கட்டம். பேர வெட்டியே ஆகணும்னா முழு எழுத்தா எண்ணி வெட்டுங்க, இல்லன்னா புள்ளி போயி "ன்" வந்து "ன"ன்னு நிக்கும், தன் பேர தப்பா பாக்கறது எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது.

அடுத்தது இன்னும் மோசம். கோகிலான்னு ரெண்டு பேர் டைப் பண்றாங்க, கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கு, ஆனா ஒருத்தர் கீபோர்டு க-வும் ஓகாரக் குறியும்னு ரெண்டா அனுப்புது, இன்னொருத்தர் கீபோர்டு க, ரெட்டைக் கொம்பு, கால்னு மூணா அனுப்புது. கம்ப்யூட்டர் இது வேற பேருங்குது. இதுக்கு எல்லாத்தையும் என்எஃப்சிக்கு (பல விதமா டைப் பண்ண எழுத்த ஒரே வடிவமாக்கற மொறை) மாத்திட்டு அப்பறம் ஒப்பிடணும், ஏபிஐ அத செஞ்சுட்டுத்தான் குடுக்குது. ஆனா கௌரில ஔகாரக் குறிக்கு பதிலா ஒத்தக் கொம்பு போட்டு பக்கத்துல நெசமான "ள" போடறவங்க இருக்காங்க பாருங்க, அத என்எஃப்சி ஒண்ணும் பண்ணாது, அது ஸ்பெல்லிங் தப்பு, ஆள புடிச்சு சொல்லித்தான் மாத்தணும்.

எங்க ஊர்ல மலையாளத்துல பேர் எழுதற பசங்களும் இருக்காங்கல்ல, அங்க சில்லெழுத்துன்னு ஒரு வில்லங்கம். நம்ம ன், ர், ல் மாதிரி கடைசில வர்ற மெய். 2008ல யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்கற ஸ்டாண்டர்ட்) 5.1 வந்தப்போ சில்லுக்கு தனி கோட் குடுத்தாங்க, அதுக்கு முன்னாடி எழுத்து, சந்திரக்கலை (நம்ம புள்ளி மாதிரி), கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜாயினர்னு மூணு சேத்து எழுதுனாங்க. பழைய மொறையும் புது மொறையும் இன்னிக்கும் நடமாடுது, என்எஃப்சி இது ரெண்டையும் ஒண்ணாக்காது. ராஜன்னு ஒரே பையன் போர்டுல ரெண்டு வரில வந்ததுக்கு இதான் காரணம். ஆறு சில்லுக்கும் கையாலயே ஒரு டேபிள் போட்டு மாத்திட்டு இருக்கேன். இத கண்டுபிடிக்க மூணு ராத்திரி போச்சு, பசங்க சேட்டா தூங்கலையான்னு கேக்கற அளவுக்கு.

தினமும் படிச்சும் ஸ்ட்ரீக் (விடாம தொடர்ந்து எத்தன நாள்ங்கற கணக்கு) ஒடஞ்சதா காட்டுதே?

இதுவும் பழைய வெர்ஷன்ல என் தப்புதான். கோட்ஃபோர்சஸ் ஒவ்வொரு சப்மிஷனுக்கும் நேரத்த 1970ல இருந்து எத்தன செகண்டுன்னு குடுக்கும், யூடிசில (உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி). நான் அத ஒரு நாளோட செகண்டான 86,400ஆல வகுத்து நாள் நம்பர் எடுத்தேன். அப்போ நாள் மாறறது நம்ம ராத்திரி 12 மணிக்கு இல்ல, விடியக் காலம் அஞ்சரைக்கு.

எங்க கிளப்ல பத்தாங் கிளாஸ் பையன் ஒருத்தன், சொசைட்டிக்கு பால் கொண்டு போறதுக்கு முன்னாடி எழுந்திரிச்சு ஒரு ப்ராப்ளம் போட்ருவான். திங்கக்கிழமை அஞ்சு மணிக்கு போட்டது யூடிசில ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினொண்ணரை. செவ்வாக்கிழமை மாடு லேட் பண்ணிருச்சு, ஆறு மணிக்கு போட்டான், அது யூடிசிலயும் செவ்வா. அப்போ திங்கக்கிழமை ஓட்டை! நாப்பது நாள் ஸ்ட்ரீக் ஒண்ணுன்னு வந்து நின்னுச்சு, அவன் ஒண்ணும் பேசல, போர்ட பாத்துட்டு சைக்கிள எடுத்துட்டு போயிட்டான். எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

வகுக்கறதுக்கு முன்னாடி 19,800 செகண்ட கூட்டணும், அஞ்சரை மணி நேரம், ஒரே ஒரு வரி. கல்ஃப்ல இருந்து படிக்கறவங்க கேட்டாங்கன்னு டைம் ஸோன் பராமீட்டரும் வெச்சிருக்கேன், துபாய்னா 14,400. ஒண்ணும் குடுக்கலன்னா நம்ம ஊரு நேரம்.

429ன்னு வந்து நிக்குது, என்ன பண்றது?

நில்லுங்க. ரொம்ப வேகமா கேக்கறீங்கன்னு அர்த்தம். கூடவே ரீட்ரை ஆஃப்டர்னு ஒரு ஹெடர் வரும், அதுல எத்தன செகண்ட் கழிச்சு வரணும்னு இருக்கும், அத மதிங்க. 429 வந்த உடனே லூப்ல மறுபடி மறுபடி கேக்கற கோட் எழுதறவங்க தயவு செஞ்சு திருந்துங்க.

கீ (கேக்கறது யாருன்னு காட்ட நான் குடுக்கற அடையாள எழுத்து) இல்லாம மணிக்கு 60 ரிக்வெஸ்ட். கணக்கு பாருங்க, முப்பது பசங்க போர்டு, டிவில மாட்டி நிமிஷத்துக்கு ஒரு தடவ ரிஃப்ரெஷ் ஆகுதுன்னா ஒரு நாளைக்கு 43,200 ரிக்வெஸ்ட். பேட்ஜ் என்ன நிமிஷத்துக்கு ஒண்ணா வருது? ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவ போதும்னா வெறும் 120. எங்க கேஷும் (எடுத்தத சேத்து வெக்கற எடம்) ஆறு மணி நேரம்தான், அதுக்குள்ள எத்தன தடவ கேட்டாலும் அதே பதில்தான் வரும். ஈடேக்க (பதிலோட வர்ற வெர்ஷன் அடையாளம்) சேத்து வெச்சுட்டு கேட்டீங்கன்னா மாத்தம் இல்லாதப்போ 304ன்னு சின்னதா வரும், டேட்டாவும் மிச்சம்.

ஒரு விஷயம் ஒத்துக்கறேன், லிமிட் ஐபிய (நெட்ல உங்க அட்ரஸ் நம்பர்) வெச்சுத்தான் எண்ணுது, மொபைல் நெட்ல நூறு பேர் ஒரே பப்ளிக் ஐபில வருவாங்க, நீங்க ஒண்ணுமே பண்ணாம 429 வாங்கலாம். அப்படின்னா கீ கேளுங்க, ஃப்ரீதான்.

ஈமெயில் குடுத்தா ப்ரொஃபைல கண்டுபிடிச்சு குடுக்குமா? போன் நம்பர்?

குடுக்காது. ஒரு நாளும் குடுக்காது. இது சோம்பேறித்தனம் இல்ல.

2023 ஜனவரில டூலிங்கோங்கற மொழி கத்துக்கற ஆப்போட யூசர்ங்க 26 லட்சம் பேர் டேட்டா ஒரு ஹேக்கர் ஃபோரம்ல 1,500 டாலருக்கு வெலைக்கு வந்துச்சு. யாரும் பூட்ட ஒடச்சு உள்ள போகல. ஈமெயில் அனுப்புனா அந்த ஈமெயிலுக்கு அக்கவுன்ட் இருக்கா, யாரோடதுன்னு பதில் சொல்ற ஏபிஐ ஒண்ணு தெறந்து கெடந்துச்சு, வேற எங்கயோ லீக்கான ஈமெயில் லிஸ்ட்ட வரிசையா உள்ள போட்டு எடுத்துட்டாங்க. ப்ரொஃபைல் பப்ளிக்தான், பேரு பப்ளிக்தான், ஆனா அந்த ஈமெயிலும் அந்தப் பேரும் ஒரே ஆளுங்கற முடிச்சு இருக்கே, அத யாரும் பப்ளிக்கா வெக்கல. அந்த முடிச்சு இருந்தா போதும், உங்க கோர்ஸ் ஃபீஸ் பாக்கின்னு நம்பற மாதிரி ஒரு மெயில் அனுப்பிரலாம். டூலிங்கோவ நம்ம லிஸ்ட்ல சேக்காததுக்கும் அவங்க அஃபிஷியலா ஏபிஐ குடுக்காதது ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

யூசர்நேம் தெரிஞ்சா மட்டும்தான் இங்க பதில். தேடற வசதி, லிஸ்ட் எடுக்கற வசதி ரெண்டும் கெடையாது.

யூசர்நேம் சரியாத்தான் இருக்கு, ஆனா 404 வருதே?

404ன்னா கேட்டது இங்க இல்லன்னு அர்த்தம். ஆளே இல்லன்னாலும் 404, ஆள் இருந்து ப்ரொஃபைல ப்ரைவேட்டா வெச்சிருந்தாலும் 404. வேணும்னேதான். ப்ரைவேட்டுக்கு 403 (பாக்க அனுமதி இல்ல) குடுத்தா அங்க ஒரு ஆள் இருக்காங்கன்னு நானே காட்டிக் குடுத்த மாதிரி. கோட் சேத்து வெக்கற கிட்ஹப் சைட்டும் ப்ரைவேட் ரெப்போவுக்கு (கோட் ஃபோல்டர்) இதே மாதிரிதான் 404 சொல்லும்.

யூசர்நேம மாத்திட்டாங்களான்னும் கேட்டுப் பாருங்க. பழைய பேர வேற யாராவது எடுத்துக்க விடற சைட்டா இருந்தா உங்க போர்டுல யாரோ ஒரு வெளியூர்க்காரர் முன்னேறிட்டு இருப்பாரு.

எச்டிஎம்எல் ஃபைல டபுள் கிளிக் பண்ணி தெறந்தா கார்ஸ் எரர் வருது அண்ணா.

கார்ஸ்னா எந்த சைட்டு பக்கத்துக்கு பதில காட்டலாம்ங்கற ப்ரவுசர் ரூல். ஃபைல நேரா தெறந்தா ப்ரவுசர் அதோட ஆரிஜின (எந்த சைட்ல இருந்து வருதுங்கறத) "நல்"-னு அனுப்பும், அத நான் அனுமதிக்கல. பைத்தான்ல லோக்கல் சர்வர் ஒண்ணு ஓட்டி அதுல தெறங்க, ஒரு வரிதான். இத வாரத்துக்கு ரெண்டு பேர் கேக்கறாங்க.

கோட் எல்லாம் தெரியாதுங்க, ஷீட்ல வர வெக்க முடியுமா?

முடியும். டீச்சருங்க நெறைய பேர் இப்படித்தான் யூஸ் பண்றாங்க. யூஆர்எல் கடைசில சிஎஸ்வின்னு கேட்டா சிஎஸ்வியா (கமா போட்டு பிரிச்ச டேபிள் ஃபைலா) வரும், கூகுள் ஷீட்ல இம்போர்ட்டேட்டா ஃபார்முலால அந்த யூஆர்எல்ல போட்டா மணிக்கு ஒரு தடவ தானா புதுசாகும். எக்செல்ல தெறக்கறவங்களுக்கு தமிழ் குப்பையா வந்துட்டு இருந்துச்சு, இப்போ ஃபைல் தலைல பிஓஎம் (இது யூடிஎஃப்-8னு எக்செல்லுக்கு காட்டற குறி) போட்டு அனுப்பறேன், சரியா வரும்.

ஐபிய வெச்சு ஊர கண்டுபிடிச்சு தானா தமிழ்லயோ மலையாளத்துலயோ மெசேஜ் வர வெக்கலாமே?

இத கேட்டவர் சென்னைல இருக்காரு, அதான் கேக்கறாரு. எங்க ஊர்ல வாசல்ல நின்னா கேரளா டவர், பின்னாடி தென்னந்தோப்புக்கு போனா தமிழ்நாடு டவர். வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கம் பஸ்ல போறப்போ போன் ரெண்டு தடவ வெல்கம் சொல்லும். கேரளா ஐபின்னு மலையாளம் காட்டுனா எங்க பாதி ஜனத்துக்கு படிக்க வராது, தமிழ்னு முடிவு பண்ணா மிச்ச பாதிக்கு வராது. மொழி வேணும்னா ரிக்வெஸ்ட்ல சொல்லுங்க, நானா ஊகிக்க மாட்டேன்.

எல்லா சைட்டு பாயின்ட்டையும் கூட்டி ஒரே மார்க்கா குடுங்களேன், ரேங்க் போட வசதியா இருக்கும்.

இதத்தான் அதிகம் கேக்கறாங்க, இதுக்குத்தான் முடியாதுன்னு அதிகம் சொல்றேன். ஃப்ரீகோட்கேம்ப் பாயின்ட் ஒரு பாடம் முடிச்சா ஒண்ணு ஏறும், எறங்கவே எறங்காது. கோட்ஃபோர்சஸ் ரேட்டிங் போட்டில சரியா பண்ணலன்னா எறங்கும், 1200க்கு கீழ நியூபி, கிரே கலரு, 1200 தாண்டுனா ப்யூப்பில், பச்ச. ஏறறத மட்டும் எண்ணற நம்பரையும் ஏறி எறங்கற நம்பரையும் கூட்டறது ஒரு ஆளோட வயசையும் எடையையும் கூட்டி வர்றதுக்கு பேர் வெக்கற மாதிரி. அப்பறம் ரேட்டிங் எறங்குன பையன் சும்மா இருந்தவன் இல்ல, போட்டிக்கு போனவன், போகாதவனுக்கு எறங்கறதுக்கே ஒண்ணும் இல்ல. இந்த வித்தியாசத்த கூட்டல் தின்னுரும்.

எங்க போர்டுல ரேங்க் கெடையாது, பேரு அகர வரிசைல. அதுலயும் தமிழ் அகர வரிசையா மலையாளமான்னு ஒரு சண்டை நடந்துச்சு, இப்போ வாரம் மாத்தி வாரம்.

நாங்க ஆள் எடுக்கற கம்பெனி, பல்க்கா டேட்டா வேணும், பணம் தர்றோம்.

வேண்டாங்க. அந்த ஆள் கிட்டயே ப்ரொஃபைல் லிங்க் கேளுங்க, குடுப்பாங்க.

பப்ளிக்ல இருக்கறத எடுக்கறதுக்கு யார் கிட்ட பர்மிஷன் வாங்கணும்?

நான் வக்கீல் இல்ல, நான் செய்யறத சொல்றேன். மொதல்ல அந்த சைட்டோட ரோபோட்ஸ் ஃபைல (ப்ரோக்ராம் எந்தப் பக்கத்துக்கு வரலாம் வரக் கூடாதுன்னு சைட்டுக்காரங்க எழுதி வெக்கறது) பாப்பேன், 1994ல இருந்து நடப்புல இருக்கற வழக்கம், 2022லதான் ஆர்எஃப்சி 9309ன்னு (இன்டர்நெட் ஸ்டாண்டர்ட் டாக்குமென்ட்) முறையா எழுதுனாங்க, வராதேன்னு சொன்ன பக்கத்துக்கு போக மாட்டேன். டேர்ம்ஸ்ல கூடாதுன்னு இருந்தா அந்த சைட்டே வேண்டாம்.

பசங்க விஷயம் தனி. நம்ம நாட்டு 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசு ஆகாதவங்க எல்லாருமே குழந்தைங்கதான், அவங்க டேட்டாவுக்கு அப்பா அம்மா சம்மதம் வேணும். தானா பப்ளிக்கா வெச்ச டேட்டாவுக்கு சட்டத்துல விலக்கு இருக்குதான், ஆனா எட்டாங் கிளாஸ் பொண்ணு ப்ரொஃபைல்ல எந்த பட்டன் என்னன்னு பாத்தா அமுக்கியிருக்கும்? எங்க வாயனசாலைல போர்டுல பேர் வரணும்னா வீட்ல இருந்து ஒரு பேப்பர்ல கையெழுத்து, தமிழ்லயும் மலையாளத்துலயும் அடிச்சு வெச்சிருக்கோம். ஸ்கூல்ல யூஸ் பண்றவங்க அத செய்யுங்க, செய்யலன்னா கீய கட் பண்ணிருவேன், ரெண்டு தடவ பண்ணியிருக்கேன்.

சர்வர் எங்க ஓடுது? ரெண்டு நாளா வரலையே?

மொத வருஷம் வாயனசாலை பழைய லேப்டாப்லயே ஓடுச்சு. ஆடிக் காத்து எங்க கணவாய்ல எப்படி அடிக்கும்னு பாலக்காட்டுப் பக்கம் இருக்கறவங்களுக்கு தெரியும், தென்ன மட்டை லைன் மேல விழுந்துச்சுன்னா கரன்ட் போச்சு, ஏபிஐயும் போச்சு. இப்போ வாடகைக்கு ஒரு குட்டி சர்வர், டேட்டாபேஸ் எஸ்க்யூலைட், ஒரே ஃபைல், அதுக்கு மேல தேவையே இல்ல. வரலன்னா பெரும்பாலும் நான் புதுசா எதையோ நோண்டி ஒடச்சிருப்பேன், சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து பாப்பேன்.

என் பேர் இதுல வருது, எனக்கு வேண்டாம்.

யூசர்நேமும் சைட்டு பேரும் மட்டும் அனுப்புங்க. அந்த ப்ரொஃபைல் உங்களோடதுதான்னு காட்ட உங்க பயோல நான் சொல்ற ஒரு வார்த்தைய பத்து நிமிஷம் போட்டு வெச்சா போதும், ஐடி கார்டு எல்லாம் கேக்க மாட்டேன். கேஷ்ல இருந்து அழிச்சுட்டு நிறுத்தற லிஸ்ட்ல ஏத்திருவேன், அதுக்கப்பறம் யாரு கேட்டாலும் 404. ஏன் வேண்டாம்னு கேக்க மாட்டேன். அந்த பால்காரப் பையன் கூட ஸ்ட்ரீக் சரியானதுக்கு அப்பறம் வந்து சேட்டா என் பேர எடுத்துருங்கன்னான், எடுத்துட்டேன், இன்னும் காலைல அஞ்சு மணிக்கு போட்டுட்டுதான் இருக்கான்னு அவன் தங்கச்சி சொன்னா.